பாடசாலையில் பழைய விளையாட்டு வீரர்களுக்கு ஒரு கௌரவச் சுவர்: எழுத்து வெட்டக் கொடுப்பதற்கு முன் வாசியுங்கள்

எங்கள் பாடசாலை மண்டபத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில், ஆறடி நீளமான கறுப்புக் கிரனைட் பலகை ஒன்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சாய்ந்து நிற்கிறது. பதினான்கு பெயர்கள் வெட்டிய பலகை. அதில் மூன்று பெயர்கள் பிழை. திருத்த வழியில்லை, வீசவும் மனமில்லை. பழைய மாணவர் சங்கத்தில் எழுத்து வேலை என் தலையில் இருந்ததால், அந்த மூன்று பிழைகளிலும் எனக்குப் பங்கு உண்டு.

இரண்டாவது தடவை சரியாகச் செய்தோம். திருகோணமலையிலும் வெளியிலும் வேறு பாடசாலைக்காரர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். காசு சேர்ப்பது எப்படி என்று இதில் சொல்லவில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் உங்களுக்கும் ஆட்கள் இருப்பார்கள், அது தானாக நடக்கும்.

1. முதலில் கடிதம்

அதிபர் வாயால் சம்மதம் சொன்னார் என்பதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். அதிபர்மார் இடமாற்றம் பெற்றுப் போவார்கள், சுவர் அங்கேயே நிற்கும். பழைய மாணவர் சங்கத்தின் கோரிக்கைக் கடிதம், பாடசாலை அபிவிருத்திக் குழுவின் தீர்மானம், அதிபரின் எழுத்து மூல அனுமதி ஆகிய மூன்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். இவ்வளவுதான், இரண்டு வார வேலை.

இன்னொன்று. நாங்கள் முதலில் வைத்த பெயர் "நினைவுச் சுவர்". அழைப்பு எடுத்தபோது ஒரு மூத்த உதைபந்தாட்ட வீரர், "தம்பி, நான் இன்னும் உயிரோடதான் இருக்கிறன்" என்றார். அன்றே கௌரவச் சுவராக மாற்றிவிட்டோம்.

2. யாரைச் சேர்ப்பது

இதில்தான் சண்டை வரும். பெயர்களைப் பேசுவதற்கு முன்பே விதிகளை எழுதிவிடுங்கள். பெயர் வந்த பிறகு எழுதும் விதி, யாரோ ஒருவரை உள்ளே கொண்டுவரவோ வெளியே தள்ளவோ எழுதியதாகத்தான் பார்க்கப்படும்.

அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்போல் கௌரவ மண்டபத்தில் இரண்டு விதிகள் உண்டு: ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும், வாக்களிப்பவர்களில் 75 வீதம் பேர் சம்மதிக்க வேண்டும். இரண்டையும் எடுத்துக்கொண்டோம். பாடசாலையை விட்டுப் பத்து ஆண்டுகள் என்று மட்டும் நீட்டினோம். எங்கள் குழுவில் ஏழு பேர். ஏழில் 75 வீதம் என்றால் ஐந்தேகால், ஆகவே ஆறு பேர் கை உயர்த்தினால்தான் பெயர் சுவருக்குப் போகும். சொந்தக்காரர் பெயர் வந்தால் அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியே. நான் ஒரு தடவை வெளியே நின்றேன். தேநீர் குடித்து முடியும்வரை கூப்பிடவில்லை.

"தேசிய மட்டத்தில் பதக்கம் பெற்றிருக்க வேண்டும்" என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் விதி. எங்களுக்கும் அதுதான் தோன்றியது. அதை வைத்துப் பட்டியல் போட்டுப் பார்த்தால் 1990களில் ஆளே இல்லை. அந்தப் பிள்ளைகள் ஓடத் தெரியாதவர்கள் இல்லை. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கிய பிறகு, பாடசாலைக்குள் இல்லங்களுக்கு இடையில் நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டிகூட எங்களிடம் நடக்காத ஆண்டுகள் இருந்தன. கொழும்புக்குப் போட்டிக்குப் போவது என்பது சோதனைச் சாவடிகளைத் தாண்டும் ஓட்டமாக இருந்தது. ஆகவே, போட்டிகள் நடக்காத, போக முடியாத ஆண்டுகளுக்கு, அப்போதைய பொறுப்பாசிரியர் ஒருவரும் கூட விளையாடிய இருவரும் தனித்தனியாக எழுத்தில் சாட்சி சொன்னால் போதும் என்று ஒரு பிரிவு சேர்த்தோம். குழுவில் ஒருவர் இன்னமும் இதை ஏற்கவில்லை. நான் முழுமனதாக ஏற்கிறேன்.

மாகாண மட்டப் பதக்கங்களையும் ஒரே தராசில் போடாதீர்கள். 1988 முதல் 2006 முடியும்வரை வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணம். அந்தக் காலத்து மாகாண முதலிடம் எட்டு மாவட்டங்களுக்குள் வந்த முதலிடம். 2007இலிருந்து கிழக்கு தனி மாகாணம், திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்று மூன்று மாவட்டங்கள்தான். சான்றிதழின் தலைப்பைப் பார்த்தாலே தெரியும், ஆனால் யாரும் தலைப்பைப் பார்ப்பதில்லை.

குழு விளையாட்டுக்கு என் கருத்து: தலைவரை மட்டும் போடுவது அநியாயம். பதினொரு பேரும் ஒரே தகட்டில், அணியின் பெயரோடு.

3. பெயரைச் சரிபார்ப்பது

கிரனைட் பலகையின் முதல் பிழை இங்கே வந்தது. ஒரே பெயர், ஒரே முதலெழுத்து, பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு மாணவர்கள். ஒருவர் தடைதாண்டல், மற்றவர் கரப்பந்து. இருவரையும் ஒரே ஆளாக்கி, "இரு துறை வீரர்" என்று பெருமையாக வெட்டிவிட்டோம். தடைதாண்டியவர் திறப்பு விழாவுக்கு வந்து பலகையைப் பார்த்துவிட்டு, "நான் கரப்பந்து தொட்டதே இல்லையே" என்று மெதுவாகச் சொன்னார்.

இரண்டாவது பிழை இன்னும் மோசம். வலைப்பந்து வீராங்கனை ஒருவரின் விவரத்தை அவருடைய மகன் அனுப்பினார். இன்றைய பெயரை, கணவரின் முதலெழுத்தோடு. அப்படியே வெட்டினோம். அவரோடு படித்தவர்கள் பலகையின் முன்னால் நின்று "எங்கட ஆளைக் காணோமே" என்று தேடினார்கள். பாடசாலையில் அவர் அந்தப் பெயரில் இருந்ததே இல்லை.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: சேர்விலக்கம். சேர்வு இடாப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் இலக்கம் உண்டு, அது யாருக்கும் இரண்டாம் முறை போகாது. பெயர் மாறலாம், எழுத்து மாறலாம், இலக்கம் மாறாது. கூகுள் சீட்டில் முதல் நிரலில் சேர்விலக்கம், இரண்டாவதில் இடாப்பில் உள்ளபடி பெயர், மூன்றாவதில் இன்று அழைக்கப்படும் பெயர். சேர்விலக்கம் கிடைக்காத பெயர் சிவப்பு. சிவப்பு எதுவும் வெட்டப் போகாது. இடாப்பு கிழிந்திருந்தால் விடுகைப் பத்திரத்தின் பிரதி வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள், அதிலும் இலக்கம் இருக்கும்.

சாதனைக்கு ஆதாரம் தேடும் வரிசை: சான்றிதழ், பரிசளிப்பு விழா அறிக்கை, பாடசாலைச் சஞ்சிகை, பத்திரிகை. நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்துப் பாடசாலை மலர்கள் நிறைய ஸ்கான் செய்து போட்டிருக்கிறார்கள். காசில்லாமல், வீட்டிலிருந்தே பார்க்கலாம். வீரகேசரி, தினகரன் பழைய பிரதிகள் வேண்டுமென்றால் கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்துக்கு ஒரு நடை போக வேண்டும். போகும்போது ஆண்டை மட்டும் அல்ல, மாதத்தையும் தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் நாள் முழுக்கத் தாள் புரட்டிவிட்டு வெறுங்கையோடு வருவீர்கள். ஆங்கிலத்தில் தேடுவதானால் ஒரே பெயரை நாலு விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதல் தங்கம் வாங்கிக் கொடுத்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் பெயரே ஆங்கிலத்தில் ஒரு மாதிரியாக இல்லை. அப்படியிருக்க, நம் பாடசாலைப் பிள்ளைக்கு?

இனி ஒரு விஷயம், கவனமாகக் கேளுங்கள். முதல் படிவத்தில் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு என்று இரண்டு பெட்டிகள் வைத்திருந்தோம். ஓர் அம்மா படிவத்தை நிரப்பி, இரண்டாவது பெட்டியை வெறுமையாக விட்டு, பேனையை மூடி வைத்துவிட்டார். அவருடைய மகன் 400 மீற்றர் ஓடியவர். எங்கே போனார் என்று இன்றுவரை தகவல் இல்லை. நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை படிவத்திலிருந்து அந்த இரண்டு பெட்டிகளையும் எடுத்துவிட்டோம். இப்போது சுவரில் யாருக்கும் பிறப்பும் இல்லை இறப்பும் இல்லை, பாடசாலையில் இருந்த காலம் மட்டும்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

4. தூரமும் நேரமும்

பழைய சான்றிதழ்களில் யார், அடி, அங்குலம்தான் இருக்கும். 100 யார் என்பது 91.44 மீற்றர். அதை 100 மீற்றர் என்று எழுதினால் உங்கள் வீரர் உலக சாதனைக்காரர் ஆகிவிடுவார். மாற்றாமல் உள்ளபடியே எழுதுங்கள். பாய்தல்களை வேண்டுமானால் மாற்றலாம்: 5 அடி 8 அங்குலம் 1.73 மீற்றர். கையால் எடுத்த நேரமும் மின்னியல் நேரமும் ஒன்றல்ல. 100, 200 மீற்றருக்குக் கை நேரத்தோடு 0.24 செக்கன் கூட்டித்தான் ஒப்பிடுவது வழக்கம்.

ஈட்டியில் இன்னொரு சிக்கல். ஆண்களின் ஈட்டி 1986இலும் பெண்களின் ஈட்டி 1999இலும் வடிவம் மாறியது. புவியீர்ப்பு மையத்தை முன்னால் தள்ளினார்கள், ஈட்டி முன்பு போல மிதக்காமல் சீக்கிரம் மூக்கைக் குத்தியது. அதோடு வயதுப் பிரிவுகளும் மாறின. ஒரு காலம் 15, 17, 19, பிறகு 14, 16, 18, 20. பிரிவுக்குப் பிரிவு எறியும் பொருளின் நிறையும் வேறு. ஆகவே "பாடசாலைச் சாதனை" என்ற சொல்லை நான் சுவரில் போட விடவில்லை. ஆண்டு, பிரிவு, போட்டி, இடம், அளவு. இவ்வளவும் போதும்.

5. போட்டோ

போன் செயலிகளில் ஸ்கான் செய்யாதீர்கள், வெளிச்சம் பட்டு முகம் வெளுத்துவிடும். ஒரு தட்டை ஸ்கானரைக் கடன் வாங்கி 600 டிபிஐயில் எடுங்கள். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடு வைத்தே எடுக்கலாம். படத்தை வீட்டுக்காரர் முன்னிலையில் எடுத்து உடனே திருப்பிக் கொடுங்கள். சுனாமியில் அல்பம் முழுவதையும் இழந்து ஒரேயொரு படத்தோடு இருக்கும் வீடுகள் கடற்கரைப் பக்கம் உண்டு.

6. எழுத்து வெட்டக் கொடுப்பது

மூன்றாவது பிழை. கோணேசர் ஊரில் கோணேஸ்வரன், கோணேஸ்வரி இல்லாத பட்டியல் உண்டா? நாங்கள் கொடுத்தது யூனிகோட் எழுத்தில் தட்டிய வேர்ட் கோப்பு. கடையில் இருந்தது பழைய கோரல் ட்ரோ வரைகலை மென்பொருள், அவர்கள் பாவிப்பது யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துரு. ஒட்டும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. தலைப்பில் இருந்த "திருகோணமலை"யிலும் அதே கதைதான், ஆனால் அது பெரிய எழுத்து என்பதால் கடைக்காரத் தம்பியே கண்டு கையால் திருத்தியிருந்தார். அந்தப் பெயர் இருந்த ஒன்பதாம் வரியை அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

வேர்ட் கோப்பு கொடுக்காதீர்கள். பிடிஎஃப் ஆக்கி, எழுத்துகளை உருவக்கோடுகளாக மாற்றிக் கொடுங்கள். நான் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைப் பாவிக்கிறேன். இலவசம், தமிழை ஒழுங்காகக் காட்டும், எழுத்தைத் தெரிவுசெய்து பாதையாக மாற்று என்றால் முடிந்தது. அதன் பிறகு எந்தக் கடையின் எந்தக் கொம்பியூட்டரும் கொம்பை நகர்த்த முடியாது. கடை தரும் மாதிரியை வட்ஸ்அப்பில் பார்த்துச் "சரி" போடவே கூடாது. உண்மை அளவில் தாளில் அச்சடித்து, ஒவ்வொரு பெயரையும் அந்தக் குடும்பத்தில் ஒருவரிடம் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். இதற்கு மட்டும் எங்களுக்கு ஒன்றரை மாதம் போனது.

7. பலகை

பெரிய ஒற்றைப் பலகை வேண்டாம். ஆளுக்கொரு சிறு தகடு, திருகாணியில் கழற்றி மாட்டக்கூடியதாக. பிழை வந்தால் ஒரு தகடுதான் நட்டம். பிழை நம்முடையதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்சின் பதக்கம் ஊக்கமருந்து விவகாரத்தில் பறிக்கப்பட்டதால் 2009இல் அது வெள்ளியானது. ஒன்பது ஆண்டு கழித்து. அப்படி ஒரு மாற்றம் உங்கள் பாடசாலைக்கு வந்தால் உளியோடு போய் நிற்பீர்களா?

எங்கள் ஊரில் உப்புக் காற்று. பித்தளை அழகுதான், ஆனால் ஒரு வாடைக்காலம் முடியப் பச்சை பிடிக்கும். எம்டிஎஃப் பலகை மழை ஈரத்தில் ஊதும். பிளெக்ஸ் பற்றிப் பேசவே வேண்டாம். துருவேறா உருக்கு என்று கடையில் சொல்வது பெரும்பாலும் 304 தரம். கடற்கரையில் அதிலும் தேநீர்க் கறை போலப் புள்ளி விழும். 316 கேளுங்கள், விலை கூட. தகடு 316 எடுத்துவிட்டுத் திருகாணியில் மிச்சம் பிடிக்காதீர்கள். துரு வழிவது திருகாணியிலிருந்துதான்.

8. நாள்

வெளிநாட்டு ஆட்களுக்கு வசதி ஓகஸ்ட். நான் இல்ல விளையாட்டுப் போட்டி அன்று காலை என்றுதான் நிற்பேன், அன்றுதான் பிள்ளைகள் எல்லோரும் மைதானத்தில் இருப்பார்கள். அணிநடைக்கு முன் பத்து நிமிடம், பெயரும் ஒரு வரியும், அவ்வளவுதான். தீபத்தை ஏற்றுவது அவர்களில் மூத்தவர். பொன்னாடைக்குப் போகும் காசைப் பந்தலுக்கும் தண்ணீருக்கும் செலவழியுங்கள். எழுபது வயது ஆட்களை வெயிலில் நிறுத்தி கௌரவிக்க முடியாது.

பின்சேர்க்கை: முதல் தடவை இதை எழுதிய பிறகு கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டார், "சேர், பெயரைத் தமிழில் மட்டுமா, ஆங்கிலத்திலும் போடுவதா?" நாங்கள் தமிழில் மட்டும் போட்டோம். பிறகு ஒரு வீராங்கனையின் பேத்தி நோர்வேயிலிருந்து வந்து, தமிழ் வாசிக்கத் தெரியாமல், படத்தை வைத்துப் பாட்டியைக் கண்டுபிடித்தாள். அடுத்த தொகுதித் தகடுகளில் கீழே சிறிய எழுத்தில் ஆங்கிலமும் போடுகிறோம். ஆங்கில எழுத்துக்கூட்டலைக் குடும்பமே எழுதித் தர வேண்டும். அதற்கும் கையொப்பம்.