காவலர் மீது புகாரா? மனு எழுதுவதற்கு முன்

காவல் நிலையத்தில் அடி வாங்கியவர், அடுத்த வாரமே எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருப்பார். அந்த மனு பெரும்பாலும் டி.எஸ்.பி. மேசைக்கு இறங்கும். அங்கிருந்து, அடித்தவர் பணிபுரியும் நிலையத்துக்கே விளக்கம் கேட்டுப் போகும். இது துறைக்குள் நடக்கும் விசாரணை. மனுவைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னால் வழக்குப் பதியக் கோரி மாஜிஸ்திரேட்டிடம் போவதானால், எஸ்.பி.க்கு எழுதிய மனுவின் நகலும் ரசீதும் அவசியம். ஆனால் அதையே சுதந்திரமான விசாரணை என்று நம்பி உட்கார்ந்துவிடுவதுதான் முதல் தவறு.

இரண்டாவது தவறு, பெயர்ப் பலகையை நம்புவது. காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாநிலமும் காவல்துறைப் புகார் ஆணையம் அமைக்க வேண்டும் என்றது. மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும் என்பது தீர்ப்பு. தமிழ்நாடு 2013இல் சட்டம் இயற்றியபோது அந்த நாற்காலியில் உள்துறைச் செயலாளரை உட்கார வைத்தது, மாவட்டத்தில் கலெக்டரை. உறுப்பினர்களோ காவல் அதிகாரிகள். காவல்துறையை நிர்வகிப்பவரே அதன் மீதான புகாரையும் கேட்பார் என்றால் மனு கொடுப்பவருக்கு எங்கிருந்து நம்பிக்கை வரும்? இப்படி அமைத்தது மக்கள் செய்த தவறில்லை, அரசு செய்த தவறு. ஆணையம் என்ற சொல்லைக் கேட்டதும் நிம்மதி அடையாமல், தலைமையில் இருப்பவர் யார் என்று பாருங்கள்.

அந்த அளவுகோலில் மாநில மனித உரிமை ஆணையம் மேல். முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி தலைமை வகிக்கிறார். கட்டணம் கிடையாது. அங்கும் புலனாய்வுப் பிரிவில் இருப்பவர்கள் காவல்துறையினர்தான் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் முடிவு சொல்பவர் அவர்களல்ல. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

இங்கே மனுக்கள் தோற்கும் காரணங்கள் வேறு. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் விசாரிக்க முடியாது. ‘வழக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல்வருக்கும் டி.ஜி.பி.க்கும் எழுதிய மனுவின் அடியில் ‘நகல்: மனித உரிமை ஆணையம்’ என்று போட்டு அனுப்புவதும் வீண், ஆணையத்துக்கென்று தனியாக எழுதுங்கள். மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பவும் வேண்டாம். மாநில ஆணையத்தில் நிலுவையில் இருப்பதைத் தேசிய ஆணையம் விசாரிக்காது. மனுவில் ‘அராஜகம்’, ‘அட்டூழியம்’ என்று அடுக்குவதைவிட நாள், நேரம், நிலையம், பெயர் தெரியாவிட்டால் சட்டையில் இருந்த எண், கூட இருந்தவர் யார் என்பவை போதும்.

கேமராவை மறந்துவிடாதீர்கள். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் போலீஸ் அடித்ததில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, நிலையத்தின் சிசிடிவி ஹார்டு டிஸ்க்கில் போதிய இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட் கண்டு அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், எப்படியானாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. உத்தரவு இருக்கிறது என்பதற்காகப் பதிவும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். இன்ன தேதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரையிலான பதிவைப் பாதுகாத்து வையுங்கள் என்று முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டு, அந்தத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆணையமும் மனித உரிமை நீதிமன்றமும் பதிவை வரவழைக்கலாம்; அழிந்துபோனால் ஏன் அழிந்தது என்று கேட்க அந்த ரசீதுதான் பிடி.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு நடப்பது மாஜிஸ்திரேட் முன்னால். கைதானவர்கள் கழிவறையில் வழுக்கி விழுவதும், கையில் மாவுக்கட்டோடு படம் வெளியாவதும் தமிழ்நாட்டில் ஒரு நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. அந்தக் கையோடு 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது, ‘போலீஸ் அடித்ததா?’ என்ற கேள்விக்குப் பலர் தலையை ஆட்டி இல்லை என்கிறார்கள். பக்கத்தில் அதே காவலர் நிற்கும்போது வேறென்ன சொல்வது என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அன்று பதிவான ‘இல்லை’யை ஆறு மாதம் கழித்து எந்த ஆணையத்திலும் எளிதில் மாற்ற முடியாது. வாய் எழாவிட்டால் காயத்தையாவது காட்டுங்கள். வழக்கறிஞரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். காவலில் இல்லாதவர் என்றால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், யார் அடித்தார்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லி, ஏ.ஆர். காப்பி எனப்படும் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டு நகலில் எழுத வைக்க வேண்டும். தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பினால் காயம் ஆறிவிடும், சாட்சியும் ஆறிவிடும்.

பிறகு ஒரு நாள் விசாரணைக்கு வரச்சொல்லி காவல்துறையிலிருந்து அழைப்பு வரும். டீ வாங்கிக் கொடுப்பார்கள். ‘மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று ஏற்கெனவே எழுதிவைத்த தாள் ஒன்று நீட்டப்படும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படித்தபின் சம்மதமில்லை என்றால் அதையே அந்தத் தாளில் எழுதி, கீழே தேதி போட்டு, நகல் ஒன்று கேளுங்கள்.