படத்திறப்புக்கு நினைவு வீடியோ: சொந்த ஊரிலேயே தொடங்கும் வழி

பதினாறாம் நாள் காரியத்தில் படத்திறப்பு முடிந்ததும் பந்தலில் ஒரு டிவியை வைத்து, மறைந்தவரைப் பற்றி நான்கைந்து நிமிட வீடியோ போடுகிறார்கள். எடிட்டிங் ஓரளவு தெரிந்தால் இதை உங்கள் ஊரிலேயே தொழிலாகச் செய்யலாம். ஆனால் எடிட்டிங் இதில் சின்னப் பகுதிதான். பெயர், உறவுமுறை, தேதி ஆகியவற்றைப் பிழையில்லாமல் வாங்குவதில்தான் உழைப்பு அதிகம்.

1. கருவிகள்

ஒரு லேப்டாப், ஒரு ஸ்கேனர் இருந்தால் ஆரம்பிக்கலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். போனில் கைன்மாஸ்டரிலும் செய்யலாம், ஆனால் இலவசப் பதிப்பில் ஆப்பின் முத்திரை மூலையில் நிற்கும். அஞ்சலி வீடியோவில் அது அசிங்கம், சந்தா கட்டிவிடுங்கள். முதல் வீடியோவை உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ செய்யுங்கள். அதுதான் காட்டுவதற்கான மாதிரி.

2. ஆர்டர் வரும் இடம்

சாவு வீட்டில் விசிட்டிங் கார்டு நீட்டாதீர்கள். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை, படத்துக்குச் சட்டம் போடும் கடை, பந்தல்காரர் ஆகிய மூவரிடமும் சொல்லி வையுங்கள். போட்டோ முதலில் போவது ஃப்ளெக்ஸ் கடைக்குத்தான். பெயர்ப் பட்டியலும் அங்கே டைப் அடித்தே இருக்கும். அதை வாங்கும்போது மட்டும் கவனம்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் இன்று போனும் கணினியும் பயன்படுத்தும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்ட முடியாது.

3. வீட்டாரிடம் கேட்க வேண்டியவை

முடிவெடுக்க ஒரே ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். மூத்த மகனா, மகளா, மருமகனா என்பது அவர்கள் பாடு. ஆளுக்கொரு திருத்தம் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்தால் பதினாறாம் நாளும் வேலை முடியாது.

அப்புறம் வாசகம். ஒரு வீட்டில் ‘சிவலோக பதவி’, இன்னொரு வீட்டில் ‘வைகுண்ட பதவி’, கிறிஸ்தவ வீட்டில் ‘கர்த்தருக்குள் நித்திரை’. பெரியார் வழி வந்த குடும்பமென்றால் வெறும் ‘மறைவு’. முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் படமும் இசையும் வைத்து அஞ்சலி செய்வதையே விரும்ப மாட்டார்கள். நீங்களாக எதையும் ஊகிக்காதீர்கள்.

பிறந்த தேதிக்கு ஆதாரை மட்டும் நம்ப வேண்டாம். பள்ளியில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதியே அதிலும் ஏறியிருக்கும். சண்டை வருவது பெயர் வரிசையில்தான். ‘எங்க சின்னம்மா பேரை விட்டுட்டீங்களே’ என்று பந்தலில் ஒரு குரல் எழுந்தால் முடிந்தது கதை. முழுப் பட்டியலையும் இனிஷியலோடு ஒரு தாளில் அச்சிட்டு, பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இரண்டு தாரம் உள்ள வீடு, பேச்சுவார்த்தை இல்லாத தம்பி என்று ஏதாவது இருந்தால் அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

4. ஸ்கேன்

முடிந்தால் ஸ்கேனரை அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோங்கள். ஆல்பத்தை வாங்கி வந்தால் எத்தனை படம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு எடுங்கள். சாதாரண 4×6 படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு) தாராளம். பாஸ்போர்ட் படத்தை 300-இல் எடுத்தால் அகலம் 400 பிக்சல் சொச்சம்தான் வரும், டிவியில் மங்கிவிடும். அதற்கு 1200 வையுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய ஸ்டூடியோ படத்தைப் பிய்க்கவே கூடாது. ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, கண்ணாடியோடு சேர்த்தே போட்டோ எடுங்கள்.

ஏஐ கருவிகள் மங்கலான முகத்தைப் பளிச்சென்று ஆக்கும், கூடவே மூக்கையும் கண்ணையும் கொஞ்சம் மாற்றிவிடும். பெற்ற பிள்ளைக்கு அது உடனே தெரியும். கீறல், கறை நீக்குவதோடு நிறுத்துங்கள்.

5. கோர்ப்பு

ஒரு படத்துக்கு 6 நொடி, 40 படத்துக்கு 4 நிமிடம். அதற்கு மேல் போனால் கூட்டம் பந்திக்கு நகர்ந்துவிடும். சில ஆப்களில் ‘கொ’, ‘வை’ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி நிற்கும். அப்படி உடைந்தால் எழுத்தைத் தனிப் படமாகச் செய்து மேலே வையுங்கள்.

சினிமாப் பாட்டு வைத்த வீடியோவை யூடியூபில் ஏற்றினால் பாட்டின் உரிமையாளர் முடக்கலாம். திருவாசகம் பழைய நூல்தான், ஆனால் அதைப் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு உரிமை தனி. ஊர்க் கோயில் ஓதுவாரிடம் கேட்டு, சம்பளம் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் பல வீடியோக்களுக்கு உதவும்.

6. பந்தலில்

பகலில் சாதாரண புரொஜெக்டர் எடுபடாது, பெரிய டிவியை வாடகைக்குச் சொல்லுங்கள். வீடியோவை எச்.264 எம்பி4 என்ற வீடியோ வடிவில் பென் டிரைவில் ஏற்றி, அதே டிவியில் முன்பே ஓட்டிப் பாருங்கள். டிவியின் சத்தம் பந்தலுக்குப் பத்தாது. டிவியை மைக்செட்டோடு இணைக்கும் ஒயர் மைக்செட்காரரிடம் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

7. பணம்

ஒரே விலை வைத்து, வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, பாதியை முன்பணமாக வாங்குங்கள். துக்க வீட்டில் பேரம் பேச இரு தரப்புக்கும் சங்கடம். திருத்தம் இரண்டு முறை இலவசம், அதன்பின் கட்டணம் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் ஆன்லைனில் இலவசம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி கவலை பொதுவாக இல்லை.

ப்ராஜெக்ட் ஃபைலை அழிக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். முதலாம் ஆண்டு திதிக்கு அதே வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள்.