ஜெல்லுக்கு மேல் வெறும் தண்ணீர்தான்

முதல் தடவை 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் என்று மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் ட்ரையத்லான் போட்டியில் இறங்கியபோது கால் நன்றாகவே ஒத்துழைத்தது, வயிறுதான் காலை வாரியது. சைக்கிளில் 60 கி.மீ. தாண்டியதும் பசிப் பதற்றத்தில் ஒரு எனர்ஜி ஜெல்லை (சிறு பாக்கெட்டில் வரும் கெட்டியான சர்க்கரைக் கூழ்) பிழிந்து விழுங்கி, அதன் மேல் ஸ்போர்ட்ஸ் டிரிங்கையும் ஊற்றினேன். சர்க்கரைக்கு மேல் சர்க்கரை. அடர்த்தியான சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். வயிறு உப்பி, ஓட்டத்தின் நாலாவது கிலோமீட்டரிலேயே குமட்டல். ஜெல் என்றால் வெறும் தண்ணீர், அவ்வளவுதான்.

சரி, தண்ணீர் எவ்வளவு? ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் வியர்வை. இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், அது உயிருக்கே ஆபத்து. தொப்பியில் வெள்ளையாக உப்புப் பூக்கிற ஆள் என்றால் பாட்டிலில் உப்பும் கூடுதலாக வேண்டும்.

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது வழக்கமான கணக்கு. பெரும்பகுதியைச் சைக்கிளிலேயே முடித்துவிடுங்கள். நான் இப்போது வாட்சில் 20 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்திருக்கிறேன், பசிக்கட்டும் என்று காத்திருப்பதில்லை. அப்புறம், பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத எதையும் போட்டியன்று வாயில் வைக்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும்.