சுவிசுக்கு வரும் திருகோணமலைக்காரருக்கு: மலைப்பனியை முன்கூட்டிக் கணிப்பது

திருகோணமலையில் வளர்ந்தவருக்குக் காற்றைப் பார்த்து மழையைச் சொல்லத் தெரியும். வாடை தொடங்கினால் மழைக்காலம். கச்சான் காற்று வீசினால் உப்புவெளி சுடுமணலில் கால் வைக்க முடியாது. அதே நாட்களில் மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். தென்மேல் காற்று ஈரத்தை அங்கே இறக்கிவிட்டு, காய்ந்து சூடாகி நம் பக்கம் வருகிறது. சுவிசுக்கு வரும்போது இந்த அறிவை ஊரில் விட்டுவிட்டு வராதீர்கள். இங்கே பனிக்கும் அதே கணக்குத்தான்.

குளிர்காலப் புயல் வடமேற்கிலிருந்து வந்தால் அல்ப்ஸ் மலைத்தொடரின் வடக்கே உள்ள பேர்ண் மலைப்பகுதியும் கிளாரூசும் பனியில் மூழ்கும். மலைக்குத் தெற்கே திச்சினோ மாநிலத்தில் பெரும்பாலும் வெயில் எறிக்கும். இத்தாலியின் ஜெனோவா வளைகுடாப் பக்கம் தாழமுக்கம் வந்து உட்கார்ந்தால் எல்லாம் தலைகீழ். திச்சினோவிலும் சிம்ப்ளோன் பக்கமும் கொட்டும், வடக்கே அல்ட்டோர்ஃபில் வெதுவெதுப்பான வரண்ட காற்று இறங்கும். அல்ப்ஸின் கச்சான் அது. அதனால் முன்னறிவிப்பில் காற்றின் திசையை முதலில் பாருங்கள்.

அப்புறம் உயரம். திச்சினோவின் பெலின்சோனாவில் ஒரு சாமத்திய வீடு, சூரிச்சிலிருந்து காரில் கொத்தார்ட் சுரங்கம் வழியாகப் போகிறீர்கள் என்று வையுங்கள். கைபேசி 'சூரிச், 4 பாகை, மழை' என்று காட்டுகிறது. சூரிச் இருப்பது ஏறத்தாழ 400 மீற்றர் உயரத்தில். மேலே போகப் போக 1,000 மீற்றருக்குச் சராசரியாக 6.5 பாகை குறையும். அப்படியென்றால் பூச்சியப் பாகை 1,000 மீற்றரை ஒட்டி வரும். விழும் பனி உடனே உருகாது, பூச்சியப் பாகைக்குக் கீழேயும் ஏறத்தாழ 300 மீற்றர் பனியாகவே இறங்கும். ஆக 700 மீற்றருக்கு மேலே பனி. சுரங்கத்தின் இரண்டு வாசலும் 1,100 மீற்றரை ஒட்டியவை. சரி, இப்போது புரிகிறதா, சூரிச் மழையை நம்பிக் கிளம்பியவர்கள் ஏன் வடக்கு வாசலான கோஷனனில் நிற்கிறார்கள் என்று?

மழை பனியாக மாறும் இந்த உயரம்தான் பனிக்கோடு. அது ஓரிடத்தில் நிற்பதுமில்லை. காற்றில்லாத ஒடுங்கிய பள்ளத்தாக்கில் கடுமையாகக் கொட்டினால், உருகும் பனியே சுற்றியுள்ள காற்றைக் குளிரவைத்து, கோட்டைச் சில நூறு மீற்றர் கீழே இழுத்துவிடும். காலையில் மழையாக இருந்த கிராமம் மாலையில் வெள்ளையாகிவிடும். சூடான காற்று பின்னால் வந்தால் கோடு மேலே ஏறும். அனுபவசாலிகளும் தடுமாறும் இடம் இதுதான்.

அளவுக்கு எளிய கணக்கு: 1 மில்லிமீற்றர் நீர், ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் பனி. கடுங்குளிரில் பஞ்சுபோல் இன்னும் உயரும், பூச்சியத்தை ஒட்டினால் ஈரமாகிக் குறையும். 60 மில்லிமீற்றர் என்று போட்டிருந்தால் முழங்காலைத் தாண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் மலைச் சுற்றுலா ஊரான செர்மாட்டுக்குப் போகும் வழியெல்லாம் பனியால் அடைபட்டு, சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் அங்கே மாட்டிக்கொண்டார்கள்.

கைபேசியோடு வரும் வானிலைச் செயலியை மலைக்கு நம்பாதீர்கள். உலகம் முழுவதையும் கணிக்கும் ஐரோப்பியக் கணினி மாதிரிகூட ஏறத்தாழ 9 கிலோமீற்றர் கட்டங்களாகத்தான் பார்க்கிறது. அதில் சிகரமும் பள்ளமும் சேர்ந்து மழுங்கிப்போகும். சுவிசின் அரச வானிலை நிறுவனமான மெட்டியோசுவிஸின் நுண்மாதிரிக்குக் கட்டம் சுமார் 1 கிலோமீற்றர். அவர்களுடைய செயலி இலவசம், பனிக்கோடும் அதில் உண்டு.

பனிச்சரிவுக்கு டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் (SLF) அறிவிப்பைப் பாருங்கள். குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு வரும். அபாயம் 1 முதல் 5 வரை. நம் ஆட்கள் 3 என்றால் 'நடுத்தரம்தானே' என்று பிள்ளைகளைப் பனிச்சறுக்குப் பாதைக்கு வெளியே விடுவார்கள். தயவுசெய்து வேண்டாம், உயிரிழப்புகளில் பெரும்பங்கு 3இல்தான்.

ஒக்டோபர் முதல் ஈஸ்டர் வரை குளிர்கால ரயர் போடுங்கள். சட்டத்தில் கட்டாயமில்லை, ஆனால் கோடைக்கால ரயரோடு பனியில் மோதினால் காப்புறுதியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சங்கிலி படம்போட்ட நீலப் பலகை கண்டால் ரயரில் சங்கிலி மாட்டாமல் ஏறக்கூடாது. பனிச்சரிவு அபாயம் 4ஐத் தொட்டால் காரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள். 57 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் அடிச்சுரங்கம் 500 மீற்றருக்கும் கீழே எர்ஸ்ட்ஃபெல்டில் மலைக்குள் நுழைந்துவிடுகிறது. சேலை நனையாமல் மண்டபத்துக்குப் போய்ச் சேரலாம்.