புரோகிராமிங் கற்க 25,000 ரூபாய்க்குள் லேப்டாப்: புதுசைவிடப் பழசு தேவலை

கையில் 25,000 ரூபாய்தான் இருக்கிறது, பைத்தானோ ஜாவாவோ கற்க வேண்டும் என்றால் ஷோரூம் பக்கம் போகாதீர்கள். அந்த விலையில் புதிதாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் செலரான் மாதிரி சின்ன சிப், போர்டோடு ஒட்டிய, கழற்றி மாற்ற முடியாத ரேம், சில மாடல்களில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்துக்குப் பதிலாக மெதுவான 64 ஜிபி இஎம்எம்சி. விண்டோஸ் 11 ஏறியதுமே அதில் பாதி இடம் போய்விடும். வெளியே பளபளவென்று இருக்கும், புரோகிராம் எழுதும் விஎஸ் கோடும் (VS Code) பத்து குரோம் டேபும் சேர்ந்து திறந்தால் திணறும். அதே காசுக்கு, கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் ஆபீஸ் லேப்டாப்பைப் பாருங்கள்: லெனோவோ தின்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5. மூன்றும் 2018 காலத்து மாடல்கள், மூன்றிலும் ரேமைக் கழற்றி மாற்றலாம், கீபோர்டும் நாள் முழுக்க தட்டத் தாங்கும்.

கடையில் "ஐ7 சார்" என்பார்கள். அதில் மயங்காமல் சிப்பின் முழுப் பெயரில் சின்னக் கோட்டுக்கு (-) பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7-7600யூ என்றால் ஏழாம் தலைமுறை, இரண்டே கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் பகுதி). ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை, நான்கு கோர். அதாவது பெயரில் சின்னதாக இருக்கிற ஐ5தான் நமக்கு வேண்டியது. இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போடப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனாலும் கோர் கணக்கு கணக்குதான்.

ரேம் 8 ஜிபி போதுமா? பைத்தான், சி, வெப் என்றால் போதும். போன் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டர் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலி போன்) ஓட்ட நினைத்தால் 16 வேண்டும். இப்போது 8-ஓடு வாங்கி அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்றால் இடம் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்: டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், மெமரி. அங்கே ரேம் செருகும் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று எழுதியிருக்கும். இரண்டில் ஒன்று என்றால் நல்லது.

கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். மெஷின் லேர்னிங் கற்க வேண்டுமே என்று கேமிங் லேப்டாப்புக்குக் கடன் வாங்கத் துணிபவர்கள் உண்டு, தொடக்கப் பாடங்களுக்கு பிரவுசரிலேயே ஓடும் கூகுள் கோலாப் இலவசமாகவே ஜிபியூ (கிராபிக்ஸ் சிப்) தருகிறது. திரையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. டி480-லேயே 1366x768 திரை வைத்ததும் 1920x1080 வைத்ததும் வெளியில் சுற்றுகின்றன, வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. முதலாவதில் ஒரே நேரத்தில் தெரியும் புரோகிராம் வரிகள் குறைவு, பக்கத்தில் பாடத்தையும் திறந்து வைத்தால் எரிச்சலாகும்.

சரி, வாங்கும் இடம். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட், மற்ற ஊர்களில் விசாரித்தால் செகண்ட்ஸ் கடைகள் தெரியவரும். மாடியில் இருக்கும் சின்னக் கடையானாலும் பரவாயில்லை, அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க விடுகிறார்களா என்பதுதான் முக்கியம், அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். முதலில் மெஷினை ஆன் செய்தவுடன் பயாசுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள், தின்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்ட் கேட்டால், கடைக்காரருக்கும் அது தெரியாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பழைய கம்பெனியின் பூட்டு அது, தின்க்பேடில் பயாஸ் பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. அப்புறம் நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு கீயாகத் தட்டுங்கள், ஸ்பேஸ் பாரின் இரண்டு ஓரத்தையும் அழுத்திப் பாருங்கள். திரை முழுக்க வெள்ளையாக்கி கறை, புள்ளி தேடுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் வைஃபை இணைத்துப் பாருங்கள். டி480-ல் இரண்டு யூஎஸ்பி-சி ஓட்டை உண்டு, இரண்டிலும் சார்ஜ் ஏற வேண்டும்.

பேட்டரி புதுசுபோல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது நிரம்பும் அளவையும் ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்றுச் செலவை விலையில் கழிக்கச் சொல்லிப் பேரம் பேசலாம். டி480-ல் உள்ளே ஒன்று, பின்னால் கழற்றும்படி ஒன்று என இரண்டு பேட்டரி, இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வீட்டில் அக்காவுக்கு வந்த அரசு லேப்டாப் தூசி படிந்து கிடந்தால், இத்தனையும் செய்யும் முன் அதில் லினக்ஸ் மின்ட் போட்டு ஒரு மாதம் பைத்தான் எழுதிப் பாருங்கள், செலவே இல்லை.

வாங்குவதென்று முடிவானால், பில்லில் மெஷினின் சீரியல் நம்பரும் எத்தனை மாத வாரண்டி என்பதும் கையெழுத்தோடு இருக்கட்டும். "வாய் வார்த்தை போதும் தம்பி" என்றால் சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டுங்கள்.