கழுவும் முன் திருப்பிப் பாருங்கள்: பழைய டூர்மலின் நெக்லஸைக் கையாளும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அப்பா பத்தர் வேலை பார்த்த அதே மேசையில்தான் இப்போது நானும் உட்கார்ந்திருக்கிறேன். அவர் நகை செய்தார். எனக்கு வருவது பெரும்பாலும் பழுது வேலை: அறுந்த சங்கிலி, ஆடும் கல், நூல் இற்றுப்போன முத்துமாலை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து ஒரு வெள்ளைக்கார நகை வந்து சேரும். துரை குடும்பம் ஊர் திரும்பியபோது பங்களாவில் பிள்ளை பார்த்த ஆயாவுக்குத் துரைசாணி கொடுத்துவிட்டுப் போனதாக இருக்கும். லயத்து வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் ஐம்பது அறுபது வருடம் கிடந்துவிட்டு, பேத்தி கல்யாணம் என்றதும் வெளியே வரும்.

வெளியே எடுத்ததும் எல்லாரும் செய்யும் முதல் காரியம் அதைக் கழுவுவது. அதைத்தான் செய்யக் கூடாது என்கிறேன்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் நடந்தது இது. ரோஜா நிறக் கல் பதித்த ஒரு பழைய டாலரை, மற்ற தங்கச் சங்கிலிகளோடு சேர்த்துப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். 22 காரட் சங்கிலிக்கு அதைவிட நல்ல அழுக்கு நீக்கி கிடையாது. திரும்பி வந்து பார்த்தால் சங்கிலிகள் பளிச்சென்று இருந்தன. கல் மட்டும் ஆறிப்போன தேத்தண்ணி நிறத்தில் செத்துக் கிடந்தது. அப்பா திட்டவில்லை. டாலரைத் திருப்பி, "பின்னாடி பார்த்தியாம்மா?" என்று மட்டும் கேட்டார். பின்பக்கம் தங்கத் தகட்டால் முழுக்க மூடியிருந்தது. கல்லுக்கும் அந்த மூடிக்கும் நடுவே, ஒளியைத் திருப்பி அனுப்புவதற்காக ஒரு மெல்லிய வண்ணத் தகடு வைத்திருந்தார்கள். விளிம்பு வழியாகத் தண்ணீர் இறங்கி அதைக் கறுக்க வைத்துவிட்டது. கறுத்த தகடு மறுபடி மினுங்காது. டாலரைக் கொடுத்திருந்த அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதனால் முதலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஜன்னல் பக்கத்துப் பகல் வெளிச்சத்தில் நெக்லஸைக் குப்புறப் போடுங்கள். ஒவ்வொரு கல்லின் பின்பக்கமும் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று திறந்திருந்தால் எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பின்பக்கம் மூடிய கூடு, அதாவது கல் உட்காரும் இடம், பெரும்பாலும் விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த 1837க்கு முன்னாலும், அவர் ஆட்சியின் தொடக்கத்திலும் செய்த நகைகளில் வரும். அவர் இறந்தது 1901இல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செய்த நகைகளில் கூடு திறந்திருப்பதே வழக்கம். வெளிச்சம் ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் வரும். நம் பக்கம் வருகிறவை அதிகமும் இந்தக் கடைசிக் காலத்தவைதான். குவாலா கங்சாரில் இன்றும் நிற்கிற அந்தப் பழைய ரப்பர் மரம் 1877இல் நட்டது என்பார்கள். அதே காலத்து நகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முத்திரை. கொக்கியின் நாக்கில், கடைசி வளையத்தில், டாலரின் முதுகில் தேடுங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் ஒன்று வாங்கிக்கொண்டால் நல்லது. '15' என்று இருந்தால் ஒரு நிமிடம் நிதானியுங்கள். இங்கிலாந்தில் 15 காரட் தங்கத்துக்கு 1854இல் அனுமதி கொடுத்து, 1932இல் நிறுத்திவிட்டார்கள். அது இங்கிலாந்து முத்திரை என்றால் அந்த இடைவெளிக்குள் விழுந்ததாகத்தான் இருக்க வேண்டும். '9' என்பது அதே 1854இல் தொடங்கி இன்றும் ஓடுகிறது. அதை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. முத்திரையே இல்லாத நல்ல பழைய நகைகளும் உண்டு. '916' என்றிருந்தால் அந்தத் துண்டையாவது நம் காலத்தில் மாற்றியிருக்கிறார்கள். நண்டுக் கொடுக்கு மாதிரிக் கொக்கியும் அப்படித்தான், பின்னால் வந்தது. கொக்கி புதிது என்பதற்காக நகையையே புதிது என்று தள்ளிவிடாதீர்கள். முதலில் தேய்வது கொக்கிதானே.

இனி கல். டூர்மலின் என்ற பெயரே நமக்குப் பக்கத்திலிருந்து போனது. இலங்கையில் கலப்பு நிறக் கற்களைச் சிங்களத்தில் தோரமல்லி என்ற மாதிரிச் சொல்வார்கள்; அது டச்சு வியாபாரிகளோடு ஐரோப்பாவுக்குப் போய் டூர்மலின் ஆனது. சூடு பட்டால் இந்தக் கல்லில் மின்னேற்றம் உண்டாகிச் சாம்பலையும் தூசியையும் இழுக்கும். அதனால் டச்சுக்காரர்கள் இதைச் சாம்பல் இழுப்பான் என்றே கூப்பிட்டார்கள். சாமி அறையில் விளக்குப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் தூசி படிவது இதனால்தான். சோதித்துப் பார்க்கிறேன் என்று மட்டும் சூடு காட்ட வேண்டாம். திடீர்ச் சூட்டில் விரிசல் விடும் கல் இது.

பச்சை, ரோஜா, சிவப்பு, நீலம், கறுப்பு, ஒரே கல்லில் நடுவில் ரோஜாவும் ஓரத்தில் பச்சையும் என்று எல்லா நிறத்திலும் வருவதால், வீட்டில் பச்சையை மரகதம் என்றும் சிவப்பைக் கெம்பு என்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். போன தைப்பூசத்துக்கு முந்தி ஒரு பெரியம்மா அப்படித்தான் ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"மரகதம்னு எங்கம்மா சொல்லுவாங்க, கண்ணு. அடகுக் கடையில காட்டினேன். கல்லுக்குக் காசு இல்ல, தங்கத்த மட்டும் நிறுத்துத்தான் தருவோம்னுட்டாங்க."

"நல்லவேளை, அங்க விடாம கொண்டுவந்தீங்க பெரியம்மா. குடுங்க, பார்ப்போம்."

ஐந்து பச்சைக் கல், நடுவில் சொட்டு மாதிரித் தொங்கும் ஒரு ரோஜாக் கல், இடையிடையே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய முத்துகள். எல்லாக் கூடும் திறந்திருந்தது. நாக்கில் '15'. கைப்பேசியின் விளக்கைப் பின்னால் பிடித்து முதல் பச்சைக் கல்லை மெதுவாகத் திருப்பினேன். நேராகப் பார்க்கும்போது வாழையிலைப் பச்சை, சாய்த்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. டூர்மலின் இப்படி நிறம் மாறும். அடுத்து லூப் வழியாகக் கல்லின் மேல் முகத்துக்குள் பார்த்து, அடியில் உள்ள பட்டைகளின் ஓரக் கோடுகளைக் கவனித்தேன். ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தது, மங்கலான இரட்டைக் கோடு. மரகதத்தில் இப்படிக் கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடியில் இல்லவே இல்லை. பெரிடாட் என்ற பச்சைக் கல்லில் இதைவிட அகலமாகப் பிரிந்து தெரியும். அந்தக் காலத்து நகையில் பெரிடாட்டும் நிறைய வரும் என்பதால் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழக வேண்டும்.

நான்கு கல்லில் கோடு இரட்டித்தது. ஐந்தாவதில் ஒற்றைக் கோடு. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பச்சை. உள்ளே ஊசிமுனை அளவுக்கு இரண்டு வட்டக் குமிழி. கண்ணாடி.

"அப்ப இது பொய்க்கல்லா?"

"ஒண்ணு மட்டும்தான். மத்ததெல்லாம் டூர்மலின். எப்பவோ ஒரு கல்லு விழுந்து, யாரோ இத வச்சிருக்காங்க."

மாற்றச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. அதே பச்சையில், அதே பழைய வெட்டில் இன்னொரு கல் கிடைப்பது கஷ்டம். இன்றைய இயந்திர வெட்டுக் கல் பக்கத்தில் உட்கார்ந்தால் மற்ற நான்கும் மங்கித் தெரியும்.

இன்னொரு போலியும் உண்டு. மேலே கார்னெட் கல்லின் மெல்லிய சீவல், கீழே நிறக் கண்ணாடி, இரண்டையும் உருக்கி ஒட்டியிருப்பார்கள். அந்தக் காலத்திலேயே செய்ததுதான். கல்லை வெள்ளைத் தாளில் குப்புற வைத்துப் பார்த்தால் ஓரத்தில் ஒரு சிவப்பு வளையம் தெரியும். கறுப்புக் கல் நெக்லஸ் வந்தால், 1861இல் விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் பரவிய துக்க நகை வகையாக இருக்கலாம். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். துக்க நகையில் வைத்த ஜெட் என்ற கறுப்புக் கல் லேசாக, சில்லென்று இல்லாமல் இருக்கும். கறுப்பு டூர்மலின் கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். நியான் விளக்கு மாதிரி எரியும் நீலப்பச்சைக் கல்லைக் காட்டி 'விக்டோரியா காலத்துப் பராயிபா டூர்மலின்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அந்தக் கல் பிரேசிலில் கிடைத்ததே 1980களின் கடைசியில்தான்.

இப்போது கடைகளில் 'விக்டோரியன் செட்' என்று விற்பது வேறு. கறுப்புப் பாலிஷ் போட்டு, வைரம் மாதிரி மின்னும் மொய்சனைட் என்ற செயற்கைக் கல்லும் நிறக் கல்லும் வைத்த புது நகை. பார்க்க அழகு, கல்யாணத்துக்கு எடுப்பாக இருக்கும், தாராளமாக வாங்கிப் போடுங்கள். பழைய நகைக்கான விலையை மட்டும் கொடுத்துவிட வேண்டாம். முலாம் பூசியதாக இருந்தால் தேய்க்கவே கூடாது, வியர்வையை ஒற்றியெடுத்து வைத்தால் போதும்.

சரி, சுத்தம் செய்வதற்கு வருவோம். மூடிய கூடு என்றால் தண்ணீர் கிடையாது. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்துங்கள். முத்து இருந்தாலும் முக்கக் கூடாது. அந்தச் சின்ன முத்துகளில் பலவற்றைப் பசை வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள், ஊறினால் கழன்றுவிடும். மெல்லிய பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, கல்லை மட்டும் துடைத்தெடுங்கள்.

முத்தும் இல்லை, கூடும் திறந்திருக்கிறது என்றால் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரு சொட்டு விடுங்கள். அடியில் ஒரு துணி மடித்துப் போடுங்கள். குழாயடியில் வேண்டாம். கல் கழன்றால் சாக்கடையோடு போய்விடும். குழந்தைகளின் பல்துலக்கியால் பின்பக்கத்தைத் தேயுங்கள்; சந்தனம், எண்ணெய், பவுடர் எல்லாம் அங்கேதான் அடைந்திருக்கும், கல் மங்கித் தெரிவதும் பாதி அதனால்தான். இரண்டு மூன்று நிமிடம் போதும். இன்னொரு கிண்ணத்து நல்ல தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, காற்றாடிக்குக் கீழே இரவு முழுவதும் குப்புறப் போட்டு வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

புளியும் எலுமிச்சையும் குத்துவிளக்கோடு இருக்கட்டும். முத்தின் பளபளப்பை அவை அரித்துவிடும். பற்பசை, விபூதி வைத்துத் தேய்ப்பதும் கூடாது. தங்கத்தில் கீறல் விழும், முத்திரை மழுங்கும். கடையில் கொடுத்தால் அதிரும் தொட்டியிலும் ஆவியிலும் போட வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு கடையில் ஆவி அடித்ததில், உள்ளே ஏற்கெனவே மயிரிழை விரிசல் இருந்த சிவப்பு டூர்மலின் இரண்டாகப் பிளந்து என் மேசைக்கு வந்திருக்கிறது. சிவப்பு வகையில் உள்விரிசல் சகஜம்.

பழுதுக்குக் கொடுக்கும்போது பத்தரிடம் ஒன்றைக் கேளுங்கள்: கல் பக்கத்தில் பொடி வைத்து ஊதப் போகிறாரா, அதாவது தீயால் பற்றவைக்கப் போகிறாரா? ஆமாம் என்றால், கல்லைக் கழற்றிவிட்டு ஊதுவாரா, இல்லை லேசரில் ஒட்டுவாரா? இரண்டும் இல்லை என்றால் நகையைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பெரியம்மாவின் நெக்லஸில் தேய்ந்திருந்தது வளையங்கள்தான். ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததோடு உரசும் இடத்தில் நூல் மாதிரி இளைத்திருந்தது. மூன்று வளையத்தை மாற்றினேன், அதுவும் கல்லிலிருந்து தள்ளி. முத்திரை இருந்த கொக்கியைத் தொடவில்லை. நீளம் போதவில்லை என்றார், அந்தக் காலத்தவை பலவும் கழுத்தை ஒட்டித்தான் இருக்கும். பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி இரண்டு அங்குலச் சங்கிலி ஒன்று செய்து கொடுத்தேன். மினுக்கித் தரவா என்று கேட்கும் பழக்கமே எனக்கு இல்லை. நூறு வருடத் தங்கத்துக்கு வரும் அந்த மங்கல் மஞ்சளை மினுக்கிவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது.

போடும்போது கடைசியாகப் போடுங்கள், சென்ட், பவுடர், பூ எல்லாம் முடிந்த பிறகு. கழற்றும்போது முதலில். வியர்வையைத் துடைத்துத் தனித் துணிப்பையில் வையுங்கள். டூர்மலினின் கடினம் மோஸ் அளவில் 7 முதல் 7.5 வரை. வைரமும் நீலக்கல்லும் அதைக் கீறும், அது முத்தைக் கீறும். கல் உட்காரும் இடத்தை வெள்ளியில் செய்த பழைய நகையும் உண்டு. அதை ரப்பர் வளையம் போட்டுச் சுற்றாதீர்கள். ரப்பரில் கலக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கடிக்கும். பால் மரத்தை நம்பிப் பிழைத்த ஊரில் ரப்பர் வளையத்துக்குப் பஞ்சமில்லை, எல்லா டின்னிலும் ஒன்று கிடக்கிறது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. முன்பக்கம், பின்பக்கம், முத்திரை மூன்றையும் படம் எடுங்கள். ஒரு சீட்டில் யார் யாருக்குக் கொடுத்தது, எந்தத் தோட்டத்தில், எந்தக் கல் மாற்றியது என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நம் ஊர் ஈரத்தில் பரவிவிடும். பெரியம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் நான் எழுதினேன். அம்மா பேர், தோட்டத்துப் பேர், துரைசாணி கப்பலுக்குப் புறப்பட்ட காலையில் சமையற்கட்டு வாசலில் வைத்துக் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐந்தாவது கல் கண்ணாடி என்பதை எழுதுவதா வேண்டாமா என்று கேட்டேன்.

"எழுதும்மா," என்றார். "வலப் பக்கத்துலேர்ந்து ரெண்டாவதுன்னு சேத்து எழுது."