பாட்டாவுக்கு ஓர் ஒட்டுப் போர்வை

நடுவில் பஞ்சு வைக்க வேண்டாம். குமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பஞ்சு உள்ளே காயாமல் பூஞ்சணம் பிடித்து நாறும்; நனைந்த கனத்தை வயசானவர்களால் தூக்கிக் கொடியில் போடவும் முடியாது. நடுவில் ஒரு பழைய பருத்திச் சேலை, அடியில் இன்னொன்று, மேலே துண்டு துண்டாக இணைத்துத் தைத்த ஒட்டுத்துணி. ஃபேன் காற்றுக்கு இது தாராளம்.

ஒட்டுக்குப் பாட்டா கட்டிப் பழகிய சாரமே (லுங்கியே) நல்லது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: உட்காரும் இடம் சல்லடையாகியிருக்கும், அதை விட்டுவிடுங்கள். இரண்டு கட்டைவிரலாலும் இழுத்தால் கிழிகிற துணி உதவாது. சிவப்பையும் கருநீலத்தையும் நனைத்து வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயம் இறங்குமா என்று தெரிந்துவிடும். புதுத்துணி சேர்த்தால் ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் அது மட்டும் சுருங்கிப் பக்கத்துத் துணியையும் இழுக்கும்.

காலண்டர் அட்டையில் 9 இஞ்ச் சதுரம் வெட்டி, அதை வைத்து 63 துண்டு எடுங்கள். இழை ஓடும் திசையிலேயே வெட்ட வேண்டும். மூலைவாட்டில் போனால் தைக்கும்போது நீண்டுகொடுக்கும்.

ஓரத்தில் அரை இஞ்ச் விட்டு, 7 துண்டுக்கு ஒரு வரிசையாக 9 வரிசை தையுங்கள். மெஷின் இருந்தால் மெஷினில். பென்சில் கோடு போடாமல் தைக்காதீர்கள்: ஒவ்வொரு துணியிலும் அரைக்கால் (1/8) இஞ்ச் கூடப் பிடித்தால், 6 தையலில் ஒன்றரை இஞ்ச் போய்விடும், வரிசைகள் ஒன்றோடொன்று சேராது. முதல் வரிசையின் தையல் மடிப்பை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் இஸ்திரி போடுங்கள். பிறகு வரிசைகளை ஒன்றோடொன்று இணைத்தால் மூலைகள் கச்சிதமாக உட்காரும். மேல்துணி 57க்கு 73 இஞ்ச் வரும்.

அடிச்சேலையில் 76 இஞ்ச் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, பக்கவாட்டில் இணைத்து அகலத்தை 60 ஆக்குங்கள். ஜரிகைக் கரையை எடுத்துவிடுங்கள், கழுத்தில் குத்தும். நடுச்சேலையும் அப்படித்தான், அளவு மட்டும் மேல்துணி அளவு.

பலரும் தாண்டிப்போகிற வேலை அடுத்தது. அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, மற்ற இரண்டையும் மேலே பரப்புங்கள். நடுவில் தொடங்கி வெளியே, 6 இஞ்ச் இடைவெளியில், பிறகு பிரித்தெடுக்கிற மாதிரி நீளத் தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி புடைத்து நிற்கும்.

இனி ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும், கால் இஞ்ச் தள்ளி, மூன்று அடுக்கும் சேர ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழும் விட்டு நேராக ஓட்டுவது). எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் மூன்று போதும். ஒரு முழத்துக்கு மேல் நூல் கோர்த்தால் சிக்கும். முடிச்சை லேசாகச் சுண்டி அடுக்குக்குள் இழுத்துவிடுங்கள். வெளியே நின்றால் உடம்பில் உறுத்தும்.

சுற்றி மீந்த ஒன்றரை இஞ்ச் அடித்துணியைப் பாதியாக மடித்து, மறுபடி மேல்துணி மீது மடித்து ஹெம்மிங் செய்யுங்கள். நீளத் தையலைப் பிரித்து, தனியாக அலசி, நிழலில் நன்றாகக் காய்ந்தபின் மடிக்கலாம். பாச்சை உருண்டை மட்டும் போடாதீர்கள். அந்த நெடி லேசில் போகாது.